சந்தானத்தின் தொட்டியும் சுவருக்கு அப்பால் நின்ற அரச மரமும்

பம்பாயில் எங்கள் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவுக்கென்று தனி டெலிபோன் கிடையாது. மேட்ரன் அறையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். நோயாளி ஒருவரின் முழங்காலைப் பாதி மடக்கிய நிலையில் உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். மறுமுனையில் சந்தானத்தின் மகள் நிர்மலா.

"அக்கா, அப்பா போயிட்டார்."

வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாராம். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவள் குரலில் அழுகை இல்லை. இதோ வருகிறேன் என்றேன்.

"மெதுவா வாங்கோ. கூட்டம் நிறைய இருக்கு. காலனியே வந்திருக்கு" என்றாள்.

கடைசி இரண்டு சொற்களை அவள் எப்படிச் சொன்னாள் என்பதை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. செம்பூர் போய்ச் சேர்ந்ததும் புரிந்தது. வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. காலனிச் சொசைட்டியின் செக்ரட்டரி கோபாலன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஐஸ் கட்டி எங்கே, வண்டி எப்போது வரும் என்று எல்லாரையும் ஏவிக்கொண்டிருந்தார். சந்தானத்தின் மார்பில் கிடந்த மாலைகளில் பெரியது அவர் போட்டது. சந்தானத்தின் மனைவி அலமேலு மாமி என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். "பாத்தியா சரோஜா, எல்லாரும் வந்துட்டா. உயிரோட இருந்தவரைக்கும் இந்த வாசப்படியை மிதிக்காதவா எல்லாம் வந்துட்டா" என்று காதோடு சொன்னாள்.

சந்தானத்தை அறிந்தவர்கள் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பலர் இருக்கிறீர்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் அவரோடு வேலை பார்த்தவர்கள் அவரைக் கறாரான எஞ்சினியர் என்பீர்கள். அக்கம்பக்கத்தார் அவரை முன்கோபி என்பீர்கள். இரண்டும் உண்மை. ஆனால் அவருடைய வாழ்க்கையின் பெரிய காரியம் அவர் வீட்டுக் கொல்லையில் நடந்தது. அதைப் பற்றி அன்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் அவரை முதலில் பார்த்தது சீனாவோடு சண்டை நடந்ததற்கு முந்திய வருஷம். அவருடைய ஒரே மகள் நிர்மலாவுக்கு எட்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து, இரண்டு கால்களும் துவண்டு போயிருந்தன. ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மற்றத் தகப்பன்மார் என்னிடம், "கொழந்தை நடந்துடுமா?" என்று கேட்பார்கள். இவர் கேட்டது வேறு. "எந்தத் தசை செத்துப்போச்சு, எந்தத் தசை தூங்கறது? பிரிச்சுச் சொல்லுங்கோ" என்றார். நான் ஆறுதலாக ஏதோ சொல்லத் தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்தினார். "மிஸ், எனக்குப் பரிதாபம் வேண்டாம். அளவு சொல்லுங்கோ." குழந்தைகள் பிடித்து நடக்கும் கம்பிகளை ஆட்டிப் பார்த்து, ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். அடுத்த முறை வரும்போது பையில் ஸ்பானரோடு வந்து, யாரையும் கேட்காமல் சரிசெய்துவிட்டுப் போனார். தப்பான அளவைப் பார்த்தால் அந்த மனிதருக்குச் சும்மா இருக்க வராது.

தண்ணீருக்குள் நடக்க வைத்தால் நல்லது என்று சொன்னவள் நான்தான். தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்ளும். தரையில் தூக்க முடியாத காலைத் தண்ணீரில் தூக்கலாம். எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த வசதி இல்லை. சந்தானம் தன் கம்பெனி மூலம் ஒரு கிளப்பின் நீச்சல் குளத்துக்கு அனுமதி வாங்கினார். வாரத்தில் சில நாள் காலையில் நாங்கள் போனோம். நிர்மலா பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில், தன் கால் தானாக அசைவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நகர்வாள். அது மேல்தட்டு ஆட்கள் வருகிற கிளப். ஒரு நாள் ஓர் அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டுத் தன் பையனைக் கையைப் பிடித்துத் தண்ணீரிலிருந்து வெளியே இழுத்தாள். மறுவாரம் கிளப் மானேஜர் எங்களை நாற்காலி போட்டு உட்கார வைத்து, குளிர்ந்த பானம் கொடுத்து, மிக மரியாதையாக, இனி வர வேண்டாம் என்றார். நோய் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இவளிடமிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது என்று நான் விளக்கினேன். "எனக்குப் புரிகிறது. மற்றவர்களுக்குப் புரியாது" என்றார் அவர்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்றோம். நிர்மலாவின் பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "அப்பா, நான் தண்ணியை அழுக்காக்கிட்டேனா?" என்று கேட்டாள்.

சந்தானம் அவள் பின்னலைத் துண்டால் துவட்டினார். பஸ் வந்து, ஏறி, சயான் தாண்டியதும் சொன்னார்: "நம்மாத்துக் கொல்லையிலேயே தொட்டி வெட்டிடறேன்."

அதை நீச்சல் குளம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "நீச்சலடிக்க இல்லை, நடக்க. அது தொட்டி" என்பார். அவருடைய வீட்டுக்குப் பின்னால் நீளமான கொல்லை உண்டு. ஓரத்தில் வற்றாத கிணறு. சமையலறைக்கு அருகில் ஒரு முருங்கை. நடுவில் நன்றாகக் கிளை விரித்த மாமரம். கொல்லையின் கோடியில் மதில் சுவர். சுவருக்கு அப்பால் சொசைட்டிக்குச் சொந்தமான சந்து. அந்தச் சந்தில், சுவரை ஒட்டி ஓர் அரச மரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வரச் சொன்னார். குழி எவ்வளவு ஆழம், படி எவ்வளவு உயரம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். ஆனால் அன்று முழுவதும் அவர் பார்த்தது மண்ணை அல்ல, மரங்களைத்தான். காலையில் நிழல் எங்கே விழுகிறது, நண்பகலில் எங்கே, மாலையில் எங்கே என்று சுண்ணாம்பால் கோடு போட்டார். தண்ணீர் வெயிலில் கிடந்து சூடாக வேண்டும், குளிர்ந்த நீரில் இறங்கினால் நோயுற்ற தசை இறுகிவிடும் என்று நான் சொல்லியிருந்தேன். மாமரத்தின் அருகே நாளெல்லாம் நிழல். முருங்கையைப் பார்த்து, "இதுலேர்ந்து கம்பளிப்பூச்சி தண்ணியில விழும். இது போகணும்" என்றார்.

அலமேலு மாமி கரண்டியோடு வெளியே வந்தாள். "முருங்கையை வெட்டிட்டா சாம்பார்ல எதைப் போடறது? உங்க கணக்குப் போடற ஸ்லைட் ரூலையா?"

அவர் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

கோடியில் இருந்த இடம்தான் தொட்டிக்கு ஏற்றது. முக்கால் நாள் வெயில் அடிக்கும். வீட்டு அஸ்திவாரத்துக்குத் தொலைவு. மாமரத்தையும் தொட வேண்டாம். இடைஞ்சல் அரச மரம் மட்டுமே. அதன் ஒரு பெரிய கிளை மதிலைத் தாண்டி வந்து பிற்பகல் வெயிலை மறைத்தது. அதைவிட வேர் பெரிய கவலை. "அரச வேர் தண்ணியைத் தேடிண்டு வரும். காரையில மயிரிழை விரிசல் இருந்தா போதும், உள்ள நுழைஞ்சு சுவரையே பிளந்துடும்" என்றார். அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தார். தன் பக்கத்து மண்ணில், மதிலை ஒட்டி இல்லாமல் தள்ளி, ஒரு நீளமான பள்ளம் வெட்டி, குறுக்கே வரும் வேர்களை ரம்பத்தால் நறுக்கி, பள்ளத்தில் கான்கிரீட் தடுப்பு வார்ப்பது. ஒரு பக்கத்து வேர் போனால் மரம் மழைக்காலத்தில் மறுபக்கம் சாயக்கூடும் என்பதால், வேருக்கு ஏற்ற அளவு மேலே கிளையையும் குறைப்பது. மரத்தை வெட்ட வேண்டும் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. இதை நான் அழுத்தி எழுதுகிறேன். கேட்டது ஒரு கிளை. தன் வீட்டு மண்ணுக்குள் வந்திருந்த சில வேர்கள்.

சொசைட்டிக் கூட்டத்தில் இதை வைத்தார். தேவைப்பட்டால் மருத்துவக் காரணத்தைச் சொல்வதற்காக என்னையும் அழைத்துப் போயிருந்தார். கோபாலன் எடுத்த எடுப்பில், "அரச மரம் சார். அதுல கத்தி வைக்கப்படாது" என்றார்.

"போன வருஷம் உங்காத்துக்குப் போற எலெக்ட்ரிக் கம்பியில இடிக்கறதுன்னு இதே மரத்துல ஒரு கிளையை வெட்டினேளே?"

"அது வேற விஷயம்."

பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். "ஊரெல்லாம் பக்கெட்டைத் தூக்கிண்டு க்யூ நிக்கறது. இவருக்கு ஸ்விம்மிங் பூல் கேக்கறதாக்கும்!"

"முனிசிபாலிட்டித் தண்ணி ஒரு சொட்டு வேண்டாம். என் கிணத்துத் தண்ணி" என்றார் சந்தானம்.

அப்போதுதான் உண்மையான காரணம் வெளியே வந்தது. சொன்னவர் ஒரு பெண்மணி. படித்தவர். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். "அந்தக் கொழந்தை எறங்கின தண்ணி மண்ணுல எறங்கித்தானே எங்காத்துக் கிணத்துக்கு வரும்? எனக்கும் சின்னக் கொழந்தைகள் இருக்கு" என்றார்.

அவர் சொன்னது தவறு என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் எழுந்து பேசினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். நான் உட்கார்ந்ததும், யோசித்துச் சொல்கிறோம் என்றார் கோபாலன். படியிறங்கும்போது சந்தானம் சொன்னார்: "மரத்தைப் பத்தின்னு நெனச்சுண்டு வந்தேன். மரத்தைப் பத்தி இல்லை."

சொசைட்டியிலிருந்து பதில் வரவில்லை; தன் மண்ணிலுள்ள வேரையாவது வெட்டிவிடலாம் என்று சந்தானம் நாள் குறித்தார். தொட்டி வெட்டத் தாராவியிலிருந்து சுடலைமுத்து என்ற மேஸ்திரி வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வேலை தொடங்க வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை வந்து, சந்திலிருந்தும் கொல்லையிலிருந்தும் வேரின் போக்கைப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் காலை ஆட்களோடு வந்தபோது அரச மரத்தடியில் ஒரு கல் நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செம்பருத்தி சார்த்தியிருந்தது. மரத்தைச் சுற்றி மஞ்சள் நூல். நாலைந்து பெண்மணிகள் ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோபாலன் திறந்த மார்போடு கற்பூரத் தட்டை ஏந்தி நின்றார்.

சுடலைமுத்து சந்தானத்திடம் வந்தார். "அய்யா, நேத்து சாயங்காலம் நான் வெத்தல போட்டுத் துப்புன எடம் அது. இன்னைக்குப் பிள்ளையார்ங்காவ."

"நீர் என்ன சொல்றீர்? வேரை வெட்ட முடியுமா முடியாதா?"

"எம் பயலுவ கைவைக்க மாட்டானுவ. எனக்கும் பயமாத்தான் இருக்கு. பொய்யாக் கொண்டாந்து வச்சாலும் சாமி சாமிதானய்யா?"

சந்தானம் நாத்திகர் அல்ல. அது தெரிந்துதான் அந்தக் கல்லை வைத்தார்கள். தினமும் சந்தியாவந்தனம் செய்கிறவர். பிள்ளையாருக்கு முன்னால் குட்டிக்கொள்ளாமல் வேலைக்குக் கிளம்பாதவர். அன்று கொல்லைக் கதவைத் திறந்து சந்துக்குப் போனார். கூட்டம் விலகியது. சண்டை போடுவார், கல்லைப் பிடுங்கி எறிவார் என்று எதிர்பார்த்தார்கள். சிலர் அதை விரும்பினார்கள் என்றே நினைக்கிறேன். அவர் ஷூவைக் கழற்றினார். கல்லுக்கு முன்னால் நின்று நெற்றிப்பொட்டில் குட்டிக்கொண்டார். ஒருவரையும் பார்க்காமல் திரும்பி வந்தார். "பிள்ளையார் என்ன பண்ணுவார் பாவம், கொண்டுவந்து உக்காத்தி வெச்சுட்டா. உக்காந்திருக்கார்" என்றார் எங்களிடம்.

இப்போதெல்லாம் பம்பாயில் நம்மை மதராசி என்று ஏசுகிறவர்களையும், நம் கடைகளின் கண்ணாடியை உடைக்கிறவர்களையும் பற்றி நம் சங்கங்களில் வாய் ஓயாமல் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் கால் துவண்ட ஒரு குழந்தையைத் தண்ணீரில் இறங்கவிடாமல் செய்ய அந்தக் கல்லைத் தூக்கி வந்தவர்கள் தமிழ் பேசினார்கள். ஒரே ஊர், ஒரே கோயில், ஒரே காப்பிக்கடை. வெளியார் யாரும் அந்தக் கொல்லைக்கு வரவில்லை.

இனி தொட்டிக்கு மீதி இருந்தது நடுக்கொல்லை மட்டும். அதாவது மாமரம். நிழல் போக வேண்டுமானால் மரம் முழுவதுமே போக வேண்டும். அது மாசி மாதம். மரம் இலை தெரியாமல் பூத்திருந்தது. வருஷா வருஷம் அலமேலு மாமி அதன் வடுவைத்தான் ஜாடி ஜாடியாக ஊறப்போட்டு, காலனியில் பாதி வீடுகளுக்குக் கொடுத்து வந்தாள். சந்தானத்துக்கு மாமியிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை. கொல்லைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். சுடலைமுத்துவின் ஆட்கள் பீடி குடித்துக் காத்திருந்தார்கள். சமையலறைப் படியில் மாமி வந்து நின்றாள். கணவரைப் பார்க்காமல் மேஸ்திரியைப் பார்த்து, "வெட்டுங்கோ" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மரம் விழுந்த பிறகும் சந்தானம் விடவில்லை. அடிமரத்தை விட்டுவைத்தால் அது மண்ணுக்குள் உளுத்து, மேலே இருக்கும் தரை தாழ்ந்துவிடும் என்று, ஒவ்வொரு வேரையும் தோண்டி எடுக்கச் செய்தார். மரத்தை வீழ்த்தியதைவிட வேரை எடுக்கத்தான் அதிக நாள் ஆயிற்று. வேர் இருந்த குழிகளில் கல்லும் மண்ணும் கொட்டித் திமிசு போட்டு இடித்தார்கள். சிமெண்ட் அப்போது சர்க்கார் பர்மிட்டில்தான். அதற்காக அவர் அலைந்த அலைச்சலை எழுதினால் தனிக் கட்டுரையாகும்.

பெரிய தொட்டி அல்ல. கூடத்தைவிடச் சற்றுப் பெரியது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சரிந்துகொண்டே போகும் தரை, இரு பக்கமும் பிடித்து நடக்கக் குழாய்க் கம்பி. முதல் நாள் நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நிர்மலாவோடு இறங்கினேன். வெயிலில் தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. அவள் ஒரு கையை விட்டாள். பிறகு மறு கையையும் விட்டாள். என்னை நோக்கி நடந்து வந்தாள். தண்ணீர்தான் தாங்கியது, ஆனாலும் நடந்தாள். "அம்மா, பாரேன்! பாரேன்!" என்று அவள் கத்தியது காலனிக்கே கேட்டிருக்கும். சந்தானம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிணற்றுக் கயிற்றில் இல்லாத சிக்கலை நெடுநேரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த இரண்டு வருஷங்களை அந்த வீட்டின் நல்ல காலம் என்று சொல்ல வேண்டும். அரச மரம் இலை உதிர்க்கும் பருவத்தில் காற்று அத்தனை சருகையும் தொட்டிக்குள் கொண்டுவந்து சேர்க்கும். சந்தானம் வேலைக்குப் போகுமுன் கொசுவலைத் துணியை மூங்கில் வளையத்தில் கட்டி, ஒவ்வொரு இலையாக அள்ளுவார். வாரம் தவறாமல் தண்ணீரை இறைத்துத் தரையைத் தேய்ப்பார். நிர்மலாவுக்கு வலது கால் தேறியது. இரண்டு கால்களுக்கும், நிமிர்த்திப் பிடிக்கும் இரும்புச் சட்டமான காலிபர் போட்டிருந்தவள் ஒரு காலுக்கு மட்டும் போட்டு, ஒரு தடியோடு நடந்து பள்ளிக்கூடம் போனாள். இடது காலும் மெதுவாக விழித்துக்கொண்டிருந்தது. காலனிக் குழந்தைகள் ஒருவருக்கும் ஒரு நோயும் வரவில்லை. அதை யாரும் கவனித்ததாகச் சொல்லவில்லை.

மூன்றாவது மழைக்காலம் முடிந்ததும் தொட்டியின் கோடிச் சுவரில் ஒரு விரிசல் கண்டது. தோண்டிப் பார்த்தார். அரச வேர். மதிலுக்கு அடியில் புகுந்து, பாதிக் கொல்லையைக் கடந்து, கை மணிக்கட்டுப் பருமனில் வந்திருந்தது. தடுப்புப் பள்ளம் வெட்ட முடிந்திருந்தால் அந்த வேர் அங்கேயே நின்றிருக்கும். இந்த முறை அவர் யாரையும் கேட்கவில்லை. தன் மண்ணில் இருந்த வேரைத் தானே ரம்பத்தால் அறுத்தார். விரிசலை அடைக்கச் சிமெண்ட் வேண்டும். அந்த வருஷம் பாகிஸ்தான் சண்டை. பர்மிட் கிடைக்கவில்லை. தண்ணீர் கசிந்து, அடியில் கொஞ்சம் தேங்கி நின்றது. அவர் இறைத்துக்கொண்டேதான் இருந்தார். வேரை அறுத்த செய்தி எப்படியோ சந்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வாரமே கொசு உற்பத்தியாகிறது என்று முனிசிபாலிட்டிக்குப் புகார் போயிற்று.

வந்த இன்ஸ்பெக்டர் மராட்டிக்காரர். காலிபர் போட்ட பெண்ணைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். "கம்ப்ளெயின்ட் ஆயா ஹை, சாப். மை க்யா கரூன்?" புகார் வந்துவிட்டது, நான் என்ன செய்வேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு முறை அவகாசம் கொடுத்துப் பார்த்தார். புகார் மேலும் மேலும் போயிற்று. கடைசியில் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. சந்தானம் கூலியாள் வைக்கவில்லை. விடுமுறை நாட்களில் செங்கல் உடைசலும் மண்ணுமாகத் தாமே கொட்டி மூடினார். நான் போனபோது நிர்மலா படியில் உட்கார்ந்து, சின்னச் சின்னக் கற்களாக எடுத்து உள்ளே போட்டுக்கொண்டிருந்தாள். "அப்பாவுக்கு ஹெல்ப் பண்றேன், அக்கா" என்றாள்.

அந்தத் தொட்டி இருந்திருந்தால் அவள் காலிபர் இல்லாமல் நடந்திருப்பாள் என்று நான் சொல்லமாட்டேன். என் தொழிலில் அப்படிச் சொல்லக் கூடாது. இடது தொடையின் தசை தேறிக்கொண்டே வந்தது, தொட்டியை மூடிய பின் அந்தத் தேர்ச்சி நின்றது. இதை நான் தொட்டுப் பார்த்து அறிந்தவள். இன்று கல்லூரிக்குப் போகிற அந்தப் பெண் மின்சார ரயிலில் ஏறும்போது இடது காலைக் கையால் தூக்கி வைக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சந்தில் ஏறிய கற்பூர வாசனை வருகிறது.

போன வருஷம் கோபாலன் கார் வாங்கினார். நிறுத்த இடம் வேண்டும். சந்தின் கோடியில், அரச மரம் நின்ற இடத்தில், சொசைட்டிக் கராஜ் கட்டுவது என்று முடிவாயிற்று. புரோகிதர் ஒருவரை அழைத்துக் கேட்டார்கள். பிள்ளையாரை வேறு இடத்தில் எழுந்தருளச் செய்துவிட்டால் மரத்தை எடுப்பதில் தோஷமில்லை என்றாராம். கலசம் வைத்து, மேளம் வாசித்து, கல்லைக் காலனி வாசலுக்குக் கொண்டுபோய் வெள்ளை ஓடு பதித்த மாடத்தில் வைத்தார்கள். மறுநாள் ரம்பத்தோடு ஆட்கள் வந்தார்கள். ஒரு கிளைகூடத் தரமாட்டோம் என்ற மரம் அடியோடு சாய்ந்தது.

தற்செயலாக அன்று நான் செம்பூரில் இருந்தேன். சந்தானம் கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாள் முழுவதும் அதைப் பார்த்தார். அடிமரத்தைத் தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டு, வேரை அப்படியே விட்டு, மேலே ஜல்லியைப் பரப்பினார்கள். அதைப் பார்த்து அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். எழுந்து போய்ச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"அடியை விட்டுட்டா. அதும்மேல தளம் போடப்போறா. ரெண்டு மழை தாங்காது" என்றார்.

"சொல்லுங்களேன்" என்றேன்.

"கேட்டா சொல்லுவேன்."

"கேக்கமாட்டா" என்றாள் மாமி.

"அப்ப சொல்லலை." அவர் மறுபடி சாய்ந்துகொண்டார். பிறகு சிரித்தார். முருங்கைப் பேச்சுக்கு அவர் சிரித்ததை நான் கேட்டிருக்கிறேன். இது அந்தச் சிரிப்பல்ல. கேட்க எனக்குப் பயமாக இருந்தது. மாமி காப்பி டம்ளரை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்தக் காலனி அவரிடமிருந்து ஒரு தொட்டியையும் ஒரு மாமரத்தையும் பறித்தது என்று நினைத்திருந்தேன். அவ்வளவு மட்டும் அல்ல என்று அன்று தெரிந்தது: தப்பான அளவைப் பார்த்தும் அந்த மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலனி ஹாலில் இரங்கல் கூட்டம் நடந்தது. கோபாலன் தலைமை. சந்தானத்தின் நேர்மையைப் பற்றி ஒருவர், சமயப்பற்றைப் பற்றி ஒருவர் என்று பேசினார்கள். கோபாலன் முடிவுரையில், "சந்தானம் சார் ஒரு இயற்கைப் பிரியர். மரம் செடி கொடின்னா அவருக்கு உயிர். அவா கொல்லையில மாமரம் இருந்தது, அந்த வடுவோட ருசி எங்க எல்லார் நாக்குலயும் இன்னும் இருக்கு" என்றார். பலரும் ஆமோதித்துத் தலையசைத்தார்கள். குடும்பத்தின் சார்பில் இரண்டு வார்த்தை என்று யாரோ நிர்மலாவைக் கேட்டார்கள். நன்றி சொல்வதுதான் அங்கே வழக்கம்.

அவள் தடியை ஊன்றி எழுந்தாள். மேடைக்குப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினாள்.

"அப்பாவுக்கு மரம் பிடிக்கும்னு சொன்னேள். அப்பாவுக்கு மரம் அவ்வளவு ஒண்ணும் பிடிக்காது. என்னைத்தான் பிடிக்கும்."

உட்கார்ந்துவிட்டாள். கோபாலன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு நிமிட மௌனம் என்றார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். மாமியும் நிர்மலாவும் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

இறந்தவரைப் பற்றி எழுதும்போது, கடைசியில் அவர் எல்லாரையும் மன்னித்துவிட்டார் என்று எழுதுவது வழக்கம். சந்தானம் மன்னிக்கவில்லை. மன்னிக்கும்படி யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை. நல்ல மனிதர், ஆனால் கசந்துபோனவர் என்று சிலர் வருத்தப்படுகிறீர்கள். தானாகவா கசந்தார்?

அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவருடைய கோபத்தைத்தான். நாளாக நாளாக ஆறிவிடும் என்று மாட்டுங்காவில் என் சிநேகிதிகள் சொல்கிறார்கள். ஆறாமல் பார்த்துக்கொள்ளப் போகிறேன்.